யார் மேல கோவம்?

தேவராசு அண்ணன் போய்விட்ட செய்தியை, அரியாங்குப்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சொன்னவர் நம் நாடகக் குழுவில் மாமனார் வேஷம் கட்டும் கலியபெருமாள். "அண்ணன் போயிட்டாரு விஜயா" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. அவரோடு நாடகம் போட்ட உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை, கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நமக்கு நாடகம் சொல்லிக்கொடுக்க அண்ணன், மில்லில் ஷிப்டு முடிந்த கையோடு, தலையெல்லாம் பஞ்சாக ஒத்திகைக்கு வந்து நிற்பார். வசனம் மனப்பாடமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. "இந்த எடத்துல இவளுக்கு யார் மேல கோவம்? வெரல நீட்டு" என்பார். சரியாக நீட்டினால்தான் அடுத்த வசனம். தப்பாக நீட்டினால் போச்சு, மானத்தை வாங்கிவிடுவார். ஒருமுறை கலியபெருமாளிடம், "பெத்த புள்ளைய அடிச்சிட்டு டீ குடிக்கப் போற மூஞ்சிய்யா இது. வூட்டுலயும் இதே பழக்கமா?" என்று கேட்டார். அந்த மனிதர் அன்று காலையில் நிஜமாகவே மகனை அடித்துவிட்டு வந்திருந்தார். முகம் செத்துப்போயிற்று. நாம் எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து என் முறை வந்தது. குடும்ப நாடகம், நான் மூத்த மருமகள். மாமியாருக்குச் சோறு போட்டபடி, "நீங்க சாப்பிடுங்க அத்தை, நான் அப்புறம் சாப்டுக்கறேன்" என்று சொல்ல வேண்டும். மாமியாரைக் காட்டினேன். "தப்பு." கொழுந்தனைக் காட்டினேன். "தப்பு." வெளியூர் போன புருஷனை நினைத்து வாசலைக் காட்டினேன். அதுவும் தப்பாம்.

என் சொந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, சிப்பாய் வேலைக்குப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. என்னைச் சீக்கிரம் பிரான்சுக்குக் கூப்பிட்டுக்கொள்வார் என்று தெருவெல்லாம் சொல்லிவந்தேன். என் மாமியாரும் அதையேதான் சொல்லிவந்தார்.

"ஒம் புருஷன் ஒன்ன கூப்பிட மாட்டாம்மா. அது ஒனக்கும் தெரியும், அந்தக் கெழவிக்கும் தெரியும். தெரிஞ்சிக்கினே ரெண்டு பேரும் ஒரே வூட்ல சோறு தின்றீங்க. இப்ப நீட்டு" என்றார் அண்ணன், அத்தனை பேருக்கும் நடுவில்.

என் விரல் என் நெஞ்சுக்கே திரும்பியது.

"அதான்! அத அப்படியே மேடைக்குக் கொண்டா" என்று துள்ளினார். பாவி மனுஷன், என் முகத்தை அதன் பிறகு பார்க்கக்கூட இல்லை.

கோயில் திருவிழாவில் நாடகம். முன்வரிசையில் பாய் விரித்து என் மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்த வசனத்தை ஒத்திகையில் வந்த அதே முகத்தோடு சொன்னபோது கூட்டம் கைதட்டியது. வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். தட்டைத் தள்ளிவிட்டார்.

"எம் புள்ள வரமாட்டான்னு அத்தினி பேருக்கு முன்னால சொல்லிட்டியேடி!"

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே கிடையாது. சாகும்வரை அவர் என் கையால் சாப்பிடவில்லை. மறுநாளே அண்ணனிடம் போய் அழுதேன். "வசனம் இல்லாமலே புரிஞ்சிக்கிச்சா? அப்ப நல்லா பண்ணியிருக்க" என்று பூரித்துப்போனார். இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று வாய்விட்டே கேட்டேன். அதற்கும் சிரித்தார்.

மாமியாரின் கருமாதிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். "பேப்பரெல்லாம் அனுப்பறேன் விஜயா, சீக்கிரம் வந்துடு" என்றார். நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பெரிய நிம்மதி தெரிந்தது. அம்மா போய்விட்டாள், இனி இந்த ஊருக்கு வரவேண்டிய கட்டாயம் இல்லை என்கிற நிம்மதி. அதன் பிறகு அவர் வரவும் இல்லை.

தேவராசு அண்ணனுக்கு நீங்கள் மாலை போட்டீர்கள், நானும் போட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, ஒரு முகத்தைப் பார்த்தவுடன் உள்ளே இருப்பது தெரிந்துவிடுகிற இந்தச் சனியன் ஒன்றுதான். அது இல்லாமல் இருந்திருந்தால் என் புருஷன் சொன்னதை நான் நம்பியிருப்பேன். கொஞ்ச காலமாவது நம்பியிருப்பேன்.