பிஸ்கட் டின் மூடி

அறுபதுகளில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில், பேச்சு வராத பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு நடந்தது. ஜன்னலைத் திறந்தால் சந்தை இரைச்சல் முழுவதும் உள்ளே வந்து உட்காரும். ஊரே கத்திக்கொண்டிருக்க, நடுவில் கத்தத் தெரியாத என் பிள்ளைகள். அவர்களுக்கு நான் டீச்சர்.

அங்கே ஒரு பெண். பத்து வயதிருக்கும். உடம்பில் அவள் சொன்னபடி கேட்பது இடது கை ஒன்றுதான், அதுவும் மடிக்கு அருகே மட்டும். கண்கள் மட்டும் தெருவெல்லாம் அலையும். அவளுக்காக ஒரு படப்பலகை செய்தேன். வேண்டியதன் படத்தைத் தொட்டால் போதும், அதுவே அவள் பேச்சு. படங்களை நானே வரைந்தேன். தண்ணீர்க் குவளையை வரைந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

நல்லதெல்லாம் வலப்பக்கம் என்று வளர்ந்தவள் நான். சோறு வலது மேல் மூலையில். அதற்குப் பக்கத்தில் அம்மா. கழிப்பறையைச் சோற்றுக்கு அருகில் வைக்க எந்தத் தமிழச்சிக்கு மனம் வரும்? எல்லாவற்றுக்கும் எட்டாத தூரத்தில், இடது கீழ் மூலையில் அதை ஒதுக்கிவைத்தேன்.

அவள் அந்த மூலையைத் தவிர வேறெதையும் தொடவில்லை. தொட்டபோதெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் தாகத்துக்கும் ஓடினேன், பசிக்கும் ஓடினேன். கழிப்பறை வாசலில் அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவள் அம்மா தேக்கா சந்தையில் காய்கறி விற்பவர். ஒரு மாலை கறிவேப்பிலை மணத்தோடு வந்து நின்றார்.

"என்ன டீச்சர், இவ்ளோ படம் போட்டு எம்பொண்ணுக்கு ஒரே வார்த்தைதான் கத்துக் குடுத்தீங்களா? அதுவும் அந்த வார்த்தையா லா!"

"பழகிடுவா அக்கா."

"இவளுக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு வீட்டுல சொல்றாங்க. தூக்கிட்டு பஸ் ஏறி எறங்க என்னால முடியல. வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் வீட்டுலயே இருக்கட்டும்."

சொல்லிக்கொண்டே, என் ஓவியங்களைப் பார்க்கப் பலகையைத் தன் பக்கம் திருப்பினார். தலைகீழான பலகையில் சோறு மகளின் இடது கைக்குக் கீழே வந்தது. கை வழக்கமான மூலையில் விழுந்தது.

"பாருங்க, இப்ப சோறு கேக்குறா!"

எனக்கு உறைத்தது. அவள் கைக்கு எட்டுவது அந்த ஒரு மூலைதான். அங்கே நான் வைத்திருந்தது என் ஆசாரத்தை.

மறுநாள் பிஸ்கட் டின்னின் வட்ட மூடி ஒன்றை எடுத்து, ஓரமெல்லாம் படம் ஒட்டி, சுற்றும்படி நடுவில் ஆணியடித்துப் பலகையில் பொருத்தினேன். நான் சுற்றுவேன்; வேண்டிய படம் கையருகே வரும்போது அவள் தட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மா வந்தார். "இதென்ன டீச்சர், சீனவங்க கல்யாண விருந்துல சுத்துற மேச மாதிரி?"

சுற்றினேன். குவளை வந்தது. கை அசையவில்லை. சோறு வந்தது. "தட்டுடி" என்றார் அம்மா. இல்லை. அம்மாவின் படம் வந்தது. மகள் படத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"திமிரப் பாத்தீங்களா?"

கழிப்பறை வந்தது. தட்டினாள்.

"அதானே பாத்தேன்!" அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பழைய பழக்கம் என்று நினைத்து இருவரும் நகரவில்லை.

மறுபடி தட்டினாள். பலகை ஊமை, தகரம் அப்படியா? டங். முகம் சிவக்கச் சிவக்க டங், டங், டங்.

"ஏய், கத்தாதடி! காது கேக்குது, வர்றேன் இரு!"

சொல்லிவிட்டு அம்மா அப்படியே நின்றார். அந்த மகளிடம் அவர் அதுவரை சொல்ல வேண்டியே வந்திராத சொல் அந்தக் 'கத்தாதடி'. நிற்க விட்டால்தானே? டங்! வாரித் தூக்கிக்கொண்டு ஓடினார். நல்லவேளை, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வியர்வைதான் என்று வைத்துக்கொண்டேன்.

"திங்கக்கிழம வருவீங்களா அக்கா?"

"வராம? இவ வாய வீட்டுல வச்சிக்கிட்டு நான் மட்டும் தனியா மல்லுக்கட்டணுமா?" மூடியைப் பலகையோடு எடுத்து மகளின் மடியில் வைத்தார். "இது எங்களோட வரட்டும். சனி ஞாயிறுல இவ சும்மா இருக்கணுமா? ஆனா டீச்சர், அந்தக் கொவளைய மட்டும் வேற யாரயாவது வரையச் சொல்லுங்க. தவிலு மாதிரி இருக்கு."

மகள் ஓங்கித் தட்டினாள்.

அவர்கள் சந்து திரும்பும் வரை டங் டங் என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. ஊடே "கத்தாதடி" என்பதும்.