என்ன மீன் வந்திச்சு?

போன வாரம் என் மகன் கைபேசியிலேயே மீன் வாங்கினான். காபி குடித்து முடிப்பதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. தலை வெட்டி, குடல் எடுத்து, கழுவி, பிளாஸ்டிக் தட்டில் வைத்து மேலே கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தார்கள். 'சாளை' என்று எழுதியிருந்ததால் சாளை என்று நம்பினேன். கண்ணையும் செவுளையும் பார்க்காமல் மீன் வாங்குவது, முகம் பார்க்காமல் கல்யாணம் செய்வது மாதிரி. என் கல்யாணமே அப்படித்தான் நடந்தது என்பதால் மேற்கொண்டு பேசாமல் மிளகாய் அரைக்கப் போனேன்.

ஆனால் தட்டிலிருந்து வாசனையே வரவில்லை. மீனிலிருந்து மீன்வாடை வராதது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. இதே வாசலில் ஒரு காலத்தில் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சைக்கிள் வந்து நிற்கும். அதன் வாடை தெருமுனையிலேயே எனக்குக் கேட்டுவிடும். வாடை எப்படிக் கேட்கும் என்று சிரிக்காதீர்கள், எனக்குக் கேட்டது.

நான் வேம்பாற்றுப் பக்கத்துக் கடற்கரைக்காரி. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். மாமனாருக்குப் பேப்பர் கடை, திருத்தங்கல் அச்சகங்களுக்கு லோடு போகும். என் வீட்டுக்காரர் காலண்டர் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஆடியில் ரயில் ஏறினால் கார்த்திகை வரை ஊர் ஊராக ஆர்டர் எடுப்பார். நான் வாப்பா, உம்மா என்று சொல்லி வளர்ந்தவள், இங்கே அத்தா, அம்மா. அது வேறு நாத்தனாருக்குச் சிரிப்பு. வீட்டில் ஆளுக்குக் குறைவில்லை. பேசத்தான் ஆளில்லை.

இந்த ஊருக்கு அப்போது இரண்டே பருவம்: தீபாவளிக்கு முன், தீபாவளிக்குப் பின். மேகம் திரண்டால் எல்லார் முகமும் சுருங்கிவிடும். வெடி காயாது, தீக்குச்சி காயாது. நான் மட்டும் துணி எடுக்கிற சாக்கில் மாடியேறி, வாடைக்காற்று வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பேன். வருவது என்னவோ அச்சுமை வாசனைதான்.

அந்தச் சைக்கிள்காரர் சூசை அண்ணன். அவரும் எங்கள் பக்கத்துக் கரைதான். பிழைப்புக்காகத் திருத்தங்கலில் குடியிருந்தார். விடியற்காலையில் சாத்தூர் போய், கடற்கரையிலிருந்து வருகிற ஐஸ் வண்டியில் மீன் எடுத்து வருவார். அந்த வண்டியில் மீன் ஏற்றி அனுப்பும் வியாபாரிகளில் என் வாப்பாவும் ஒருவர். ஆகவே பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், இது வாப்பா கைபட்ட மீனாக இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெட்டிதான் எனக்குக் கடல். வாடைக்காற்று பிறந்தால் சாளையில் நெய் கட்டும். சட்டியில் போட்டால் எண்ணெய் தானாக மிதக்கும். மழை கொட்டி ஆற்று முகத்து மணல்மேடு உடைந்துவிட்டால் மடவையும் இறாலும் வரும். பங்குனி வெயிலில் வருகிற மீன் வயிறு முட்டச் சினையோடு இருக்கும். அப்புறம் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் படுத்துவிடும், பெட்டியில் பாதி ஐஸ்தான். ஆடியில் கச்சான் என்கிற மேல்காற்று அடித்தால் கடல் கலங்கிப் போகும், அப்போது வருகிற சாளையில் முள்தான் இருக்கும். அடுப்படியை விட்டு நகராமலே எங்கள் கரையில் எந்தக் காற்று அடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வாப்பா போன் செய்வார். நலமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எடுத்த எடுப்பில், "என்ன மீன் வந்திச்சு?" என்பார்.

"மடவை வாப்பா. சினை இருந்திச்சு."

"அப்ப மேக்கயும் நல்ல மழைதான். குளம்பா, பொரிச்சியா?"

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சாத்தூர் வண்டியில் என்ன ஏற்றினோம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் கேட்பார். நானும் அது தெரிந்தே விலாவாரியாகச் சொல்வேன். மற்றபடி பெண்ணைக் கட்டிக்கொடுத்த வாப்பாவுக்கும் பெண்ணுக்கும் பேச என்ன இருக்கிறது!

ஒரு மார்கழியில் சுனாமி வந்தது. எங்கள் கரையில் தண்ணீர் ஏறி இறங்கியதோடு சரி, வாப்பா நன்றாக இருந்தார். ஆனால் டெலிவிஷனில் வேறு கரைகளைக் காட்டினார்கள். அதைப் பார்த்த சனம் மீனை வெறுத்துவிட்டது. கரையில் ஏலம் நின்று, அப்புறம் வண்டி ஓடத் தொடங்கி, சூசை அண்ணன் பெட்டியோடு வந்தபோது தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற எதிர்வீட்டு மாரியம்மாள் அக்கா வாசலில் நின்றே சொன்னாள்: "அண்ணே, கோவிச்சுக்கிராதீக. அந்த மீனு எதைத் தின்னுச்சோ, நாங்க அதை எப்பிடித் திங்க?"

நான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் தடுக்கவில்லை. "நம்ம சட்டியில வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னார். புறவாசலில் மூன்று கல் கூட்டி, பழைய சட்டியில் குழம்பு வைத்து நான் ஒருத்தியே உட்கார்ந்து தின்றேன். துணைக்குப் பூனை. அன்றைக்குப் பூனையிடம்கூட முறை வைத்துப் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில வாரங்களும் சூசை அண்ணன் வந்தார், நானும் வாங்கினேன். ஒருநாள் பெட்டியைத் திறக்காமலே நின்றார்.

"தங்கச்சி, நீங்க ஒரு ஆளுக்காவ எம்புட்டு நாள் மிதிக்க? வெடிக் கம்பெனியில லோடு ஏத்தக் கூப்புடுதாவ. போறேன்."

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை! "போயிட்டு வாங்கண்ணே" என்றேன். அவர் திரும்பி வரவில்லை. பின்னால் தெரு பழையபடி மீன் தின்னத் தொடங்கியது, வேறு ஆள் வந்தார். மாமிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வீட்டில் மீன் நின்றது நின்றதுதான். புறவாசல் சமையலும் எத்தனை நாளைக்கு? வீட்டோடு ஒட்டாதவள் என்று பெயர் வாங்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துகொண்டுதான் இருந்தது. மீன் வாங்குவதில்லை என்று சொன்னால் வாப்பா ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறிவிடுவார். சம்பந்தி வீட்டில் அது வேறு பேச்சாகும். ஆகவே மாதத்தைக் கணக்குப் பண்ணி மீன் சொன்னேன். பங்குனி என்றால் சினை, தடைக்காலம் என்றால் கண்மாய்க் கெண்டை. பரீட்சை எழுதுகிற மாதிரி யோசித்து வைத்துக்கொள்வேன். ஆடி வந்தது. மாடியில் கொடித்துணி பிய்த்துக்கொண்டு போகிற காற்று. வீட்டுக்காரர் ரயில் ஏறிய மறுநாள், மனசு எங்கேயோ இருந்தது.

"என்ன மீன் வந்திச்சு?"

"சாளை வாப்பா. நல்ல நெய்ச்சாளை, சட்டி பூரா எண்ணெய்."

சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது. கச்சான் அடிக்கிற ஆடியில் ஏது நெய்ச்சாளை? போனில் அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

"சரிம்மா. முள்ளுப் பாத்துத் தின்னு" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான் ஒரு மீனைத் தயாராக வைத்திருந்தேன். வாப்பா மீனைக் கேட்கவில்லை. "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் வாப்பா என்றேன். அதற்குப் பிறகு இருந்தவரைக்கும் அதைத்தான் கேட்டார், நானும் அதையேதான் சொன்னேன்.

இப்போது வாப்பா இல்லை. சாத்தூர் வண்டியில் வாப்பாவின் மீனும் இல்லை. எல்லா மாதமும் எல்லா மீனும் கிடைக்கிறது. எது எந்தக் கடலில் எப்போது செத்ததோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம். சென்ற வருடம் ஊருக்குப் போயிருந்தேன். நாங்கள் கருவாடு காயப்போட்ட மணல் போய், கடலரிப்புக்காகக் கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். ஒரு கல்லில் உட்கார்ந்தேன். கன்னத்தில் காற்று அடித்தது. தெற்கேயிருந்து வருகிற சோளகமா, கிழக்கேயிருந்து வருகிற கொண்டலா என்று முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.