புது கேஸ் போட்ட அன்று

எங்கள் முப்பது வருடப் பழைய காரில் ஏசி வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அதற்கான கேஸ் இப்போது கிடைப்பதில்லை என்று, இங்கே டண்டினொங் புறநகரில் மெக்கானிக்காக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா சில பாகங்களை மாற்றிப் புது வகை கேஸ் நிரப்பித் தந்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகாதே என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டு வாசலில் இறங்கினால், காருக்கு அடியில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தையை வாரிக்கொண்டு வேலியோரம் ஓடி, அவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, கேஸ் ஒழுகுது!"

"பிள்ளை என்ன செய்யிறா?"

"சிரிக்கிறா."

"அப்ப நீங்களும் சிரியுங்கோ தங்கச்சி. அது வெறும் தண்ணி. ஐஸ் போத்தல் வேர்க்கிற மாதிரி, ஏசி நல்லாக் குளிர்ந்தால் சொட்டும்."

தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

இப்போதும் காரை நிறுத்தியதும் குனிந்து பார்க்கிறேன். சொட்டினால்தான் நிம்மதி.