அறுந்திருந்த சென்னை லைன்

காலை ஏழரைக்குக் கங்காதரன் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி அறைக்குள் இருக்கும் சர்வரின் முன் குனிந்து, பழைய டைரியில் மூன்று எண்களை எழுதுகிறார். பள்ளிப்பட்டு, திருத்தணி, சென்னை. மூன்று ஊரிலும் இருக்கும் ஸ்கேன் படங்களின் எண்ணிக்கை அது. மூன்றும் ஒத்துப்போனால்தான் டீ குடிக்க இறங்குவார்.

திருத்தணி மலையடிவாரத்துத் தனியார் ஸ்கேன் சென்டரில் அவருக்கு இது பதினோராவது வருஷம். அதற்கு முன் ஆர்.கே.பேட்டையில் கேபிள் டிவி ஒயர் இழுத்தவர். சட்டைப்பையில் டெஸ்டர் இன்னும் இருக்கிறது. பள்ளிப்பட்டில் எடுத்த படம் சில நிமிஷத்தில் இங்கே வந்து, இங்கிருந்து சென்னை டாக்டருக்குப் போகும். போகும்போது திரையைப் பார்த்து, "போங்க, போங்க" என்று மரியாதையாக வழியனுப்புவார். யாராவது சிரித்தால், "ஜனங்க உடம்புப்பா அது" என்பார்.

இயந்திரத்தின் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. "இங்க எழுதினா அங்க எழுதும், இங்க அழிச்சா அங்கயும் அழிக்கும். வேணும், வேணாம்னு அதுக்கின்னா தெரியும்?"

போன ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பள்ளிப்பட்டு எண்ணும் திருத்தணி எண்ணும் ஒரே மாதிரி நாலாயிரம் குறைந்திருந்தன. சாலை வேலைக்குத் தோண்டியதில் அறுந்த சென்னை லைன் மூன்று நாளாகச் செத்துக் கிடந்தது. மணிக்கொரு முறை லைன் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். பள்ளிப்பட்டுக் கிளையைக் கவனிக்கும் பிரியங்காவுக்குப் போன் செய்தார். அவள் குரலில் குற்ற உணர்வே இல்லை.

"பூஜைக்கு ஒட்டடை அடிச்சோம் சார். கம்ப்யூட்டர்லயும் பழசெல்லாம் அடைஞ்சி கெடந்துச்சி. அதையும் கிளீன் பண்ணிட்டு குங்குமம் வெச்சேன்."

அந்த நேரம் வெளியே பெஞ்சில் விசைத்தறி ஓட்டும் வீராசாமியும் அவர் மனைவி அன்னம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நுரையீரலில் ஒரு புள்ளி. இரண்டு வருஷத்துக்கு முன் இருந்த அளவே இருந்தால் விட்டுவிடலாம், வளர்ந்திருந்தால் அறுத்தாக வேண்டும் என்று டாக்டர் பழைய படத்தைக் கேட்டிருந்தார். வீட்டில் இருந்த ஃபிலிம் மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. கம்ப்யூட்டரில் இருந்த படம் அந்த நாலாயிரத்தில் போய்விட்டது.

மீதி இருந்தது சென்னையில் மட்டும். லைன் அறுந்திருந்ததால் அழித்த சேதி அங்கே போய்ச் சேரவில்லை. லைன் உயிர் பெற்றால் அந்தப் படமும் போகும். சென்னை சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இளங்கோவன் அந்த ஆபீசுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தான். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னான். கங்காதரன் உள்ளே போய்ச் சென்னை ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

கால் மணியில் கம்பெனிக்காரனே போன் செய்து, லைன் வந்துவிட்டது என்றான். சென்டரை நடத்தும் நிர்மலா கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"மூணு நாளா லைன் லைன்னு கத்திகினு இருந்தீங்க. இப்ப வந்துடுச்சி, சொருக மாட்றீங்க. பதினாறு பேரு ரிப்போர்ட்டுக்கு உக்காந்துகினு இருக்காங்க."

"சொருகினா அவரு படம் போய்டும்மா."

நிர்மலா பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். காத்திருந்தவர்களிடம் போய், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். அன்னம்மாள் எழுந்து கதவருகே வந்து நின்றாள்.

"கெடைக்குமா நைனா?"

"இருக்குதும்மா. இந்த நிமிசம் வரைக்கும் இருக்குது."

பத்தே முக்காலுக்கு இளங்கோவன் கூப்பிட்டான். பழைய ஃபோல்டர் மொத்தத்தையும் தனி டிஸ்கில் எடுத்தாயிற்று, ஒயரைச் சொருகலாம் என்றான். கங்காதரன் சொருகவில்லை.

"எடுத்தது இருக்கட்டும். அதுலேர்ந்து தொறந்து பேரைப் படி."

"வீராசாமி, அம்பத்தாறு, ஆண்."

"எத்தினி படம்?"

"முந்நூத்திப் பன்னெண்டு சார்."

"கடைசிப் படம் தொறக்குதா?"

"ஆங், தொறக்குது."

"அந்தப் பேரை இன்னொரு தபா படி" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் ஒயரைப் பிடித்தபடியே, போனை அன்னம்மாளின் காதில் வைத்தார்.