பட்டறைக்கல் அடிக்கும் வெர்லின்

வெர்லின் ஹேட்சர் கார்களுக்குச் சைலன்சர் மாற்றுகிறவர். ரான்ஸ்பர்க் ஊரில் அதற்காக அவரை யாரும் மதித்ததில்லை. இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகளில், கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி உள்ளூரில் ஆடும்போதுதான் அவர் பெரிய மனிதராவார். தாடியைச் சீவிக்கொண்டு, கொல்லன் கட்டுகிற தோல் மேலாடையைக் கட்டிக்கொண்டு, மைதானத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் இரும்புப் பட்டறைக்கல்லின் பக்கத்தில் சம்மட்டியோடு நிற்பார். அணியின் பெயர் கொல்லர்கள். எங்கள் பையன் ஒருவன் எதிரணிக்காரனை மோதிச் சாய்த்து, சாய்ந்தவன் உடனே எழுந்திருக்க முடியாமல் கிடந்தால், வெர்லின் சம்மட்டியை ஓங்கிக் கல்லில் ஒரு போடு போடுவார். டங்! இருபதாயிரம் பேர் ஊளையிடுவார்கள். கீழே கிடப்பவனுக்குப் பல் போயிற்றா, புத்தி போயிற்றா என்பதெல்லாம் அவனைப் பெற்றவர்கள் கவலை.

இந்தப் பதவி சும்மா கிடைத்ததல்ல. வெர்லினும் ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவர்தான். அதன் நினைவாக அவருக்கு மிஞ்சியது இடது பக்கம் திரும்பாத ஒரு கழுத்து. லாரியைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு உட்காருவார். அதைப் பதக்கம் போலக் காட்டிக்கொண்டு திரிவார். தலையால் முட்டும்போது கழுத்து நெரிந்து, தோளிலிருந்து விரல்நுனி வரை தீ பிடித்தாற்போல் எரிந்து, பிறகு கை மரத்துப்போய்த் தொங்கும். ஆட்டக்காரர்கள் அதற்குக் கொட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தேள் கொட்டியதைப் போல. தனக்கு எத்தனை முறை கொட்டு விழுந்தது, எத்தனை முறை வாயை மூடிக்கொண்டு ஆடினார் என்பதை வெர்லின் சவரக்கடையில், தேவாலய வாசலில், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்களே தவிர, இதிலென்ன பெருமை என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ஊரின் லட்சணம் அது.

பிறகு அந்த விதி வந்தது. தலைக்கவசத்தின் உச்சியால் யாரையும் முட்டக் கூடாது. தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருப்பவனின் தலையிலோ கழுத்திலோ மோதக் கூடாது. மீறினால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். மேலே கண்ணாடி அறையில் இருப்பவர் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்து ஆமென்றால் அந்த ஆட்டக்காரன் வெளியே போக வேண்டியதுதான். தவறு இரண்டாம் பாதியில் நடந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் அவன் உட்கார வேண்டும். மனிதக் கழுத்து முறியும் என்பதைக் கண்டுபிடிக்க இந்த விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஊரே கொதித்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக் கடையில் கூடியிருந்தபோது, இறைச்சிக் கடைக்காரன் டப் பேச்சை ஆரம்பித்தான்.

"கேட்டியா வெர்லின்? இனிமே தலையால முட்டினா வெளிய அனுப்பிடுவானுங்களாம்."

"அனுப்பட்டும்டா. அடுத்த வருஷம் பாவாடையும் கட்டி விடுவானுங்க. மோதறதுக்கு முன்னாடி 'ஐயா, மோதிக்கட்டுமா'ன்னு உத்தரவு வாங்கணும்பானுங்க."

"நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?"

"நம்ம காலத்துல ரத்தம் வந்தாத் துடைச்சிட்டு ஆடுவோம். இவனுங்க தும்மினா டாக்டரைக் கூப்பிடறானுங்க."

வெர்லினின் மனைவி நோவலீன் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியின் மேல் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். "உனக்குக் கழுத்து திரும்புதான்னு முதல்ல பாரு. திரும்பினாத்தான் பின்னாடி உக்காந்து யாரு சிரிக்கிறாங்கன்னு தெரியும்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். வெர்லினும் சிரித்தார். அவளுக்கு ஆட்டம் தெரியாது என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

கல்லூரிக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். ஆட்டக்காரர்களின் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று பெரிய திரையில் எழுதிக் காட்டினார்கள். அந்தத் திரைக்குக் கீழேயே பட்டறைக்கல் படம் போட்ட டி-ஷர்ட் விற்றார்கள். ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது கல்லை அடித்துக் கொண்டாடுவது கொஞ்சம் அசிங்கமாக இல்லையா என்று எங்கோ ஒரு பேராசிரியை கேட்டுவிட்டாள். உடனே ஒரு குழு போட்டார்கள். குழு ஒரு வருடம் கூடிக் கூடிக் காப்பி குடித்துவிட்டு, கல்லை அடிக்கலாம், ஆனால் விதிக்கு உட்பட்ட மோதலுக்கு மட்டுமே அடிக்க வேண்டும் என்று முடிவு சொன்னது. கொடி விழுந்தால் வெர்லின் பொறுத்திருக்க வேண்டும். கொடி விழாவிட்டால் அடித்துக்கொள்ளலாம். பாதுகாப்பு வந்துவிட்டது என்று எல்லோரும் கைகுலுக்கிக் கலைந்தார்கள்.

வெர்லினின் ஒரே மகன் கோல்பி அதே அணியில் பின்வரிசைத் தடுப்பாளன். ஓடி வருகிறவனை மறிக்கும் கடைசி ஆள். பையன் நல்லவன், பேச்சு குறைவு. சிறு வயதில் அவன் தலைகுனிந்து பாய்ந்து முட்டும்போதெல்லாம் வீட்டுப் பின்புறத்தில் நின்று கைதட்டியவர் வெர்லின்தான். தலையை நிமிர்த்து, எதிராளியைப் பார்த்துக்கொண்டே தோளால் மோது என்று பயிற்சியாளர் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார். அவசரத்தில் உடம்புக்கு ஞாபகம் வந்தது அப்பா கைதட்டியதுதான்.

அந்த வருடம் கடைசி ஆட்டம் டன்மோர் கல்லூரியோடு. பரம்பரை விரோதிகள். தொழில்முறை அணிகளுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள் கோல்பியைப் பார்ப்பதற்கென்றே அந்த ஆட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வெர்லினுக்குத் தலைகால் புரியவில்லை. சைலன்சர் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். டன்மோர் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூடப் பையன் வெளியே உட்காரக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு உலகத்தில் வேண்டியிருந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை ஏதோ ஒரு சோப்ளாங்கி அணியோடு ஆட்டம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எதிரணிப் பையன் ஒருவன் பந்தைப் பிடிக்க அந்தரத்தில் எம்பினான். கோல்பி தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்தான். வெர்லினுக்கு எதிரிலேயே நடந்தது. விழுந்தவன் எழவில்லை. வெர்லின் சம்மட்டியைத் தூக்கினார். கொடி விழுந்தது. தூக்கிய சம்மட்டியை இறக்கினார்.

நடுவர் ஒலிபெருக்கியில் சொன்னார், தலையைக் குறிவைத்து மோதியதாகச் சந்தேகம், காட்சி பரிசீலிக்கப்படுகிறது. இருபதாயிரம் பேரும் நடுவரின் தாயாரைச் சந்திக்கு இழுத்தார்கள். அடிபட்ட பையனைப் படுக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

கோல்பி எல்லைக்கோட்டுக்கு வந்து நின்றான், கல்லிலிருந்து பத்தடி தூரத்தில். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அதைத் தூக்கிப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். கொட்டு என்றால் என்னவென்று அந்த மைதானத்தில் வெர்லினைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பூரித்துப்போனார். என் ரத்தம், என் ரத்தம் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

அணியின் மருத்துவ உதவியாளர் ஷரீஸ் ஓடி வந்தாள். "கோல்பி, என்னாச்சு? கையைத் தூக்கு பாப்போம்."

கோல்பி அவளைப் பார்த்தான். அவள் தோளுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான். வெர்லின் முஷ்டியால் தன் நெஞ்சில் ரெண்டு குத்து குத்திக்கொண்டு, வாயை இறுக மூடிக் காட்டினார்.

"ஒண்ணுமில்லக்கா. முழங்கை இடிச்சிருச்சு."

"உண்மையைச் சொல்லு. மரத்துப் போச்சா?"

"இல்ல."

"விரலை மடக்கு."

எப்படியோ மடக்கினான். அதற்குள் பயிற்சியாளர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். வெர்லின் கூட்டத்தின் பக்கம் திரும்பி, சம்மட்டியை ஆட்டி ஆட்டி, "விடு, விடு, விடு" என்று கத்த ஆரம்பித்தார். தெற்குக் கோடி முழுவதும் அவரோடு சேர்ந்து கத்தியது. மைதானமே அதைப் பிடித்துக்கொண்டது.

மேலே இருந்தவர் என்ன பார்த்தாரோ, எதைக் கேட்டாரோ. நடுவர் மறுபடி ஒலிபெருக்கியைத் தட்டினார். குறிவைத்த மோதல் என்று உறுதிப்படவில்லை. ஆட்டக்காரர் வெளியேற வேண்டியதில்லை. அவ்வளவுதான், கூரை பிய்ந்துகொண்டு போகாதது அங்கே கூரை இல்லாததால்தான். இப்போது அது விதிக்கு உட்பட்ட மோதலாகிவிட்டதல்லவா? வெர்லின் பாக்கி வைத்திருந்த அடியை அடித்தார். டங்!

கோல்பி ஒற்றைக் கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு திரும்பவும் உள்ளே ஓடினான்.

அதே ஆட்டத்தில் இன்னும் சில நிமிடங்கள் கழித்து, எதிரணியின் தடித்த பையன் ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு தெற்குக் கோடியை நோக்கி ஓடி வந்தான். கோல்பிக்கு அணைத்துப் பிடிக்க ஒரு கைதான் இருந்தது. ஆகவே தலையைக் கொடுத்தான். தலைக்கவசத்தின் உச்சி அந்தப் பையனின் இடுப்பில் போய் இடித்தது. தடியன் மல்லாந்து விழுந்தான், மூச்சு வாங்க முடியாமல் கிடந்தான். கோல்பி அவன் மேல் குப்புற விழுந்தான். விதியின்படி அதற்கும் கொடி வீசியிருக்க வேண்டும். ஒரு தடவை தாயாரை இழுத்தது போதும் என்று நடுவர் நினைத்திருக்கலாம். கொடி விழவில்லை. கொடி விழாவிட்டால் அடித்துக்கொள்ளலாம் என்று குழுவே சொல்லியிருக்கிறதே. வெர்லின் முழு பலத்தோடு அடித்தார். ஊளை வானத்தைப் பிளந்தது.

தடியன் உருண்டு எழுந்து உட்கார்ந்தான். கோல்பி எழவில்லை. ஊளை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஷரீஸ் தரையில் மண்டியிட்டு, அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "யாரும் தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!" என்று அலறியது தெற்குக் கோடியில் எல்லோருக்கும் கேட்டது. வெர்லின் சம்மட்டியைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், தோல் மேலாடையோடு மைதானத்துக்குள் ஓடினார்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வீக்கம் வடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அதற்கு மேல் டாக்டர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? ஆட்டக்காரர்கள் கோல்பியின் சட்டை எண்ணைத் தலைக்கவசங்களில் ஒட்டிக்கொண்டார்கள். அவன் எண் போட்ட டி-ஷர்ட் புதன்கிழமைக்குள் கடைக்கு வந்துவிட்டது. கல்லூரித் தலைவர் பூங்கொத்து அனுப்பினார். டன்மோர் ஆட்டத்தைக் கோல்பிக்குக் காணிக்கையாக்குவதென்றும், ஆட்டம் தொடங்கும் முன் வெர்லின் அவனுக்காகக் கல்லில் ஒரு தனி அடி அடிப்பதென்றும் ஏற்பாடு. வெர்லின் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டது மட்டுமல்ல, தொலைக்காட்சிக்காரர்களுக்கு என்ன சொல்வது என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நடந்து நடந்து ஒத்திகையும் பார்த்தார்.

சனிக்கிழமை மதியம், தாடியைச் சீவிக்கொண்டு விடைபெற அறைக்குள் வந்தார். நோவலீன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் முழுவதும் அவள் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஊரே உன் பின்னாடி நிக்குதுடா," என்றார் வெர்லின். "நம்ம பசங்க டன்மோர்காரனுங்களைப் பொளந்து கட்டப் போறானுங்க. எல்லாம் உனக்காகத்தான். நீ ஒரு வீரன்டா. அன்னிக்கு அந்த நடுவன் உன்னை வெளிய அனுப்பப் பாத்தான்ல? விட்டேனா நான்? மைதானத்தையே கத்த வெச்சேன்."

கோல்பியின் தலை இரும்பு வளையத்தில் பூட்டியிருந்தது. கண்ணை மட்டும் திருப்பினான்.

"நீ கத்தினது கேட்டுச்சுப்பா."

"கேக்காம பின்ன?"

"நீ 'விடு, விடு'ன்னு கத்திக்கிட்டு இருந்தப்போ, நான் 'அனுப்பிடு, அனுப்பிடு'ன்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்."

வெர்லினுக்கு முதலில் விளங்கவில்லை. "யாரை?"

"என்னைத்தான். வெளிய அனுப்பிட்டா நல்லாயிருக்கும்னு. கை முழுக்க எரிஞ்சுதுப்பா. தூக்கவே முடியல. நடுவர் அனுப்பிட்டா யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டாங்கல்ல."

"அந்தப் பொண்ணு கேட்டாளே, அவகிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ பாத்துக்கிட்டு நின்னியே."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மழை பெய்ததால் நனைந்தேன் என்பதைப் போலச் சொன்னான்.

வெர்லின் நோவலீனைப் பார்த்தார். அவள் வெளியே வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொல்லர்கள் கொடி கட்டிய கார்கள் வரிசையாக மைதானத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போர்வைக்கு மேல் கிடந்த மகனின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மைதானத்தில் செய்திருக்க வேண்டியதை இப்போதாவது செய்துவிடலாம் என்று மனிதருக்கு ஒரு நினைப்பு.

"இப்பச் சொல்லுடா," என்றார். "இப்ப எங்க வலிக்குது? அப்பாகிட்டச் சொல்லு."

கோல்பி கூரையைப் பார்த்தபடி உடம்பில் வலியைத் தேடிப் பார்த்தான். அப்பா தன் கையைப் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"எங்கயும் வலிக்கலப்பா," என்றான்.