போகும்போது ஆடும் வண்டி

சாந்தோமில் ஒரு சந்துக்குள் கார் ஷெட் வைத்திருக்கும் கிளிஃபர்டுக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஒரு மொபெட் உண்டு. அதுவும் பாதி நாள் கிளம்பாது. வாயைத் திறந்தால் மூடமாட்டான். சர்ச் பூசையில் பாடற்குழுவோடு நின்று மற்ற எல்லார் குரலையும் அமுக்கிவிடுவான். ஓய்வுபெற்ற டீச்சரான நான் முன்வரிசையில் உட்கார்ந்து முறைப்பேன், அவனுக்கு உறைக்காது. இத்தனைக்கும் அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். யார் எந்தப் புகாரோடு போனாலும் அவன் முதலில் நம்பிவிடுவான்.

மந்தைவெளியில் எங்களுக்கு மேல் வீடு சரோஜாதேவி. தி.நகரில் கணவரோடு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் கால்கடுக்க நின்றவர். கணவர் காலமான பிறகு, ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று வாட்ச்மேன் முதல் எல்லாருக்கும் லட்டு. திங்கள்தோறும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குத் தானே ஓட்டிப் போவார். அந்த நாளுக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருப்பார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தக் கார் ஆட ஆரம்பித்தது. அடையாறு பாலத்தில் ஏறினால் ஸ்டியரிங் கிடுகிடுவென்று நடுங்கும். கோயிலிலிருந்து திரும்பும்போது ஒன்றும் இருக்காது. "சாமி எனக்கு என்னமோ சொல்லுதுக்கா" என்று சொல்லி ஸ்டியரிங்குக்கு விபூதி பூசிவந்தார். நான் வேதக்காரி. இருந்தாலும், "நோய் தீர்க்கிற சாமியாச்சே, காருக்கும் வைத்தியம் பார்த்து அனுப்புது போல" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

ஏனென்றால் அவர் மகன் வெங்கடேஷ் சிரிக்கவில்லை. வேளச்சேரியிலிருந்து வந்து, இரண்டு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் காரை டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்தே ஓட்டிப் போனான். இரண்டு இடத்திலும் ஒரு குறையும் இல்லை என்றார்கள்.

"வண்டி ஆடலம்மா, உன் கைதான் நடுங்குது. வயசாச்சு. வித்துடலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கும்படி ஒருவரிடம் சொல்லியும் விட்டான்.

தன் கையையே நம்பாமல் சரோஜாதேவி காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க ஆரம்பித்திருந்தார். அதைப் பார்த்த நான் உடனே கிளிஃபர்டுக்குப் போன் போட்டேன்.

வந்தவன் காரின் பக்கமே போகவில்லை.

"இன்னாமா, எப்போ ஆடுது?"

"போறப்ப ஆடும் தம்பி. வர்றப்ப ஆடாது."

"நடுவுல வேற எங்கனா எடுப்பீங்களா?"

"இல்லப்பா, திங்கக்கிழமை மட்டுந்தான்."

கிளிஃபர்ட் தாடையைச் சொறிந்தான். "அப்போ ஒரு வாரம் சும்மா நின்ன வண்டி ஆடுது, ஓடுன வண்டி ஆடல. ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கினு போறதுக்குள்ள அது நல்ல புள்ளையாய்டும். அவங்க இன்னாத்த கண்டுபிடிப்பாங்க? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சி வர்றேன். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொடக்கூடாது, ஆமா!"

சொன்னபடி வந்தான். ஓட்டும் இடத்தில் அவன் உட்காரவில்லை. "நீங்க ஓட்டுங்கம்மா. உங்க கைக்குத்தான் அது பழக்கம்" என்றான். செருப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து சீட்டில் வெறுங்காலைத் தரையில் அழுத்தி உட்கார்ந்தான். ஆட்டம் எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்பதை அவன் உள்ளங்காலில்தான் பார்ப்பான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பாலத்தில் வேகம் ஐம்பதைத் தாண்டியது.

"ஆடுது!" என்று கிளிஃபர்ட் அலறினான். "அம்மா, ஆடுதும்மா! முன்சக்கரம். என் காலுக்கே தெரியுது. உங்க கையி நல்லாத்தான் கீது!"

பாலம் இறங்கியதும் சரோஜாதேவி ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. கிளிஃபர்ட் மட்டும், "நல்லா ஆடுது, சூப்பரா ஆடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஷெட்டில் முன்டயர்கள் இரண்டையும் கழற்றி ரிம்மிலிருந்து பிரித்தான். பச்சையாக, கொழகொழவென்று ஏதோ தரையில் கொட்டியது. பஞ்சரானால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ள டயருக்குள் ஊற்றும் ஜெல். அளவுக்கு மேல் இருந்ததால், வண்டி நாள்கணக்கில் நின்றால் அது மொத்தமும் அடியில் தேங்கிச் சக்கரத்தின் ஒரு பக்கம் கனத்துவிடும். சில கிலோமீட்டர் ஓடியதும் சுற்றிலும் பரவி ஆட்டம் நின்றுவிடும். கோயிலில் நிற்கும் ஒரு மணி நேரத்தில் அது மறுபடி தேங்குவதில்லை.

"எந்தப் பேமானி இத்த இவ்ளோ ஊத்துனான்?" என்று கிளிஃபர்ட் கத்தினான்.

காரை விற்கும் விஷயமாக அம்மாவைத் தேடி, வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்த வெங்கடேஷ் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நான்தான்" என்றான். "அம்மா தனியா போறாங்க. நடுரோட்டுல பஞ்சராகி நின்னுடக் கூடாதேன்னு... டயருக்கு ஒரு பாட்டில் போதும்னுதான் போட்டிருந்தது. பயத்துல மூணு மூணா ஊத்திட்டேன்."

கிளிஃபர்ட் வாயை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். சரோஜாதேவி எழுந்து மகன் அருகில் போனார்.

"நடுரோட்டுல நின்னா உன்னைத்தானய்யா கூப்பிடுவேன். வண்டி ஆடுதுன்னும் உங்கிட்டத்தான முதல்ல சொன்னேன்."

வெங்கடேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு செல்லை எடுத்து, சாயங்காலம் வரவிருந்தவரைக் கூப்பிட்டான்.

"வண்டி விக்கல சார். எங்கம்மா ஓட்டறாங்க."