இரண்டாவது குளத்தின் ஆழம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பஸ் போர்டு முதல் பட்டா புத்தகம் வரை நான் படித்துச் சொன்னால்தான் என் அப்பா, நைனா, நம்புவார். அதில் எனக்கு மிகுந்த பெருமை.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததும், நாகலாபுரம் பக்கத்து மலையருவிக்கு ஒருநாள் சுற்றுலாவில் அவரை அழைத்துப் போனேன். இரண்டாவது குளத்தருகே வழிகாட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"யாரும் குதிக்காதீங்க. போன வாரம் மழையில பாறைங்க உருண்டு வந்துக்குது. நான் எறங்கிப் பாத்துட்டு சொல்றேன்."

நான் போனைக் காட்டினேன். "இதுல ஆழம் பதினஞ்சு அடின்னு போட்டுக்குதே அண்ணா. எங்க நைனா கெணத்துலயே தலைகீழா குதிக்கிறவரு."

"கெணத்துல பாறை நகராதும்மா."

நைனா சிரித்தார். "எம்பொண்ணு டிகிரி படிச்சிக்குது. அது சொன்னா தப்பாவுமா?" என்றபடியே குதித்துவிட்டார்.

இடுப்பளவு ஆழத்திலேயே பாறை கிடந்தது. அவர் முதுகெலும்பு முறிந்தது. இனி நடக்க முடியாது என்று திருப்பதியில் மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். பார்க்க வருகிறவர்களிடம், "கால் வழுக்கி வுழுந்துட்டேன்" என்கிறார்.

இப்போதெல்லாம் எதைப் படித்தாலும், விவரம் தெரிந்தவரிடம் கேட்காமல் நான் முடிவு செய்வதில்லை. நைனா மாத்திரை அட்டையை நீட்டி, "இன்னாம்மா போட்டுக்குது?" என்று கேட்கிறார். படித்துச் சொல்லிவிட்டு, சரிபார்க்க மருந்துக் கடைக்குப் போன் செய்கிறேன். அவர்கள் போனை எடுப்பதற்குள், நான் சொன்னதே போதும் என்று நைனா மாத்திரையை விழுங்கிவிடுகிறார்.